பட்டியலில் இல்லாத மணிகள்

நீலகிரி மலை ரயில் 2005 ஜூலையில் உலக பாரம்பரியச் சின்னமானது. அதற்கு 6 ஆண்டுகள் முன்பே பட்டியலில் ஏறியிருந்த டார்ஜிலிங் ரயிலோடு அது சேர்க்கப்பட்டது. 2008இல் கால்கா - சிம்லா ரயிலும் வந்து சேர்ந்தது. யுனெஸ்கோ ஆவணத்தில் நீலகிரிப் பாதையின் பரப்பளவு 4.59 ஹெக்டேர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை நீளம் 45.88 கிலோமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அகலம் 1 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் 45,880 சதுர மீட்டர் வருகிறது. அதுதான் அந்த 4.59 ஹெக்டேர்.

நிலையங்களும் எல்லைக்குள் அடக்கம் என்று ஆவணத்தின் விளக்கப் பகுதி சொல்கிறது. பரப்பளவுக் கணக்கோ தண்டவாளத்தின் உள்விளிம்போடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு மீட்டருக்கு வெளியே இருப்பவை ஏராளம்: கேட்கீப்பரின் சிறு அறை, கேட் விளக்கு, கைப்பிடியைச் சுற்றினால் ஒலிக்கும் பழைய தொலைபேசி, நிலையத்துத் தாழ்வாரத்தில் தொங்கும் மணி, பக்கத்து நிலையத்தோடு பேசும் பிளாக் கருவி. இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பெயர் சொல்லும் பொதுப் பட்டியல் எதையும் அந்தப் பெருமைக்குரிய ஆவணத்தில் தேடிக் காண முடியாது. இவற்றில் முதலில் தொலையப்போவது மணிகள்.

பழைய ரயில் மணிகளைத் தேடிப் பதிவுசெய்வது உலகின் பல நாடுகளில் தீவிரமான ஆர்வலர் வேலை. அமெரிக்காவில் எந்த ஊர் லெவல் கிராசிங்கில் இன்னும் சுத்தி அடிக்கும் மின்காந்த மணி இருக்கிறது, எதில் மின்னணு ஒலிபெருக்கி வந்துவிட்டது, அடிக்கும் வேகம் என்ன, செய்த நிறுவனம் எது என்று ஊர் ஊராகக் குறித்துவைப்பவர்கள் உண்டு. அங்கே பழைய மணி பழுதானால் பெரும்பாலும் அதைச் சரிசெய்வதில்லை. மின்னணு மணியை மாட்டிவிடுகிறார்கள்.  காது உடனே வித்தியாசத்தைச் சொல்லும். இதே மாற்றம் நம் மலையிலும் நடக்கும். அப்போது எது போனது என்று சொல்ல நம்மிடம் எந்தக் குறிப்பும் இருக்காது.

மணி என்று சொல்லும்போது ரயில்வேயில் அது ஒரே பொருள் அல்ல. ஸ்டேஷன் மாஸ்டரின் மேசையருகே இருக்கும் பிளாக் கருவியில் ஒரு மணி உண்டு. ஒற்றை வழித்தடத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரே நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதை உறுதி செய்ய இரு நிலையக்காரர்களும் மணியடிகளின் எண்ணிக்கையால் கேட்டுக்கொள்வார்கள், அனுமதிப்பார்கள். நிலையத்துக்கு இரண்டு பக்கமும் தடம் போவதால் கருவியும் இரண்டு இருக்கும். மேல் பக்கத்து மணிக்கு ஒரு நாதம், கீழ்ப் பக்கத்து மணிக்கு வேறு நாதம். தலை நிமிராமலே எந்தப் பக்கம் அழைக்கிறது என்று தெரியும். நீல் என்பவரின் பெயரால் வழங்கும் பந்து டோக்கன் கருவி இந்தியாவின் ஒற்றை வழித்தடங்களில் பல பத்தாண்டுகள் உழைத்தது. அனுமதி கிடைத்தால்தான் அதன் வாயிலிருந்து உலோகப் பந்து விழும். அந்தப் பந்தைப் பையிலிட்டு, வளையத்தில் மாட்டி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் வண்டி அடுத்த நிலையத்துக்குப் போகக்கூடாது. இப்படிப்பட்ட பிளாக் கருவிகளைச் செய்துவந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. மலையடிவாரத்துக்குப் பக்கத்திலேயே, கோவை போத்தனூரில் உள்ள ரயில்வேயின் சிக்னல் தொழிலகம்தான் அது.

நிலையத்து மணி இன்னொரு வகை. சில இடங்களில் வெண்கல மணி. பல இடங்களில் வெட்டிய தண்டவாளத் துண்டு, அடிக்க ஓர் இரும்புக் கம்பி. நம் கிராமத்துப் பள்ளிகளில் தொங்கும் தண்டவாள மணியும் இதே குடும்பம்தான். வெண்கலத்தில் முக்கால் பங்குக்கு மேல் செம்பு, மீதி பெரும்பாலும் வெள்ளீயம். அதற்குக் காயலான் கடையில் விலை உண்டு, அதனால் களவு போகும். தண்டவாளத் துண்டுக்கு அவ்வளவு விலை கிடையாது, அதனால் யாரும் கவனிக்காமல் போகும். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

ரயில்வேயில் பயன்பாடு முடிந்த பொருட்கள் இப்போது மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன. கழிவுப் பொருள் எதுவும் தேங்கக்கூடாது என்பது ரயில்வே தானே வைத்திருக்கும் இலக்கு. வருமானத்துக்கும் தூய்மைக்கும் அது நல்ல இலக்குதான். ஆனால் ஏலத்தில் பொருள் எடையாகவே பார்க்கப்படும். இது பாரம்பரியப் பொருள் என்று முன்கூட்டியே குறிக்கப்படாத ஒரு மணி, உடைந்த போல்ட்டுகளோடும் துருப்பிடித்த கம்பிகளோடும் ஒரே குவியலில் கிடக்கும். பிறகு அது உலைக்குப் போகும்.

தமிழ்நாட்டில் இது ஏற்கெனவே ஒரு முறை பெரிய அளவில் நடந்துவிட்டது. 1992இல் தொடங்கிய அகலப்பாதைத் திட்டம் தென்னகத்தின் மீட்டர் கேஜ் பாதைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் நின்றது. செங்கோட்டை - புனலூர் 2010இல் மூடப்பட்டு 2018இல் அகலப்பாதையாகத் திரும்பியது. மதுரை - போடி மீட்டர் கேஜ் 2010 கடைசியில் முடிந்தது. பாதை அகலமானதால் பயணிகளுக்குக் கிடைத்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாதைகளில் இருந்த நூற்றுக்கணக்கான கேட்களிலும் சிறு நிலையங்களிலும் என்ன கருவிகள் இருந்தன, அவற்றின் மணி எப்படி ஒலித்தது என்பதற்குச் சில புகைப்படங்களும் ஓய்வுபெற்றவர்களின் நினைவும்தான் மிச்சம். இன்று தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் மீட்டர் கேஜ் பாதை என்று மிஞ்சியிருப்பது நீலகிரி ஒன்றே. இங்கே தவறவிட்டதை வேறெங்கும் போய்த் தேட முடியாது.

இப்போது இந்த எச்சரிக்கை ஏன்? காரணம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் ஒன்று ரயில்வே கேட்டைக் கடந்தபோது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும்; மனிதர் மறந்தாலும் இயந்திரம் ரயிலை நிறுத்திவைக்கும். இணைக்கப்படாத கேட்டில் எல்லாமே தொலைபேசி மணியையும், அதை எடுப்பவரையும், ‘மூடிவிட்டேன்’ என்ற சொல்லையும், பதிவேட்டில் எழுதும் ஓர் எண்ணையும் நம்பி நடக்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் என்ன ஆகும் என்பதைச் செம்மங்குப்பம் காட்டியது.

அதன் பிறகு ரயில்வே அமைச்சகம் எல்லா லெவல் கிராசிங் கேட்களிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த உத்தரவிட்டது. கேட்டைச் சிக்னலோடு இணைப்பதற்கான வரம்பையும் 20,000 அலகிலிருந்து 10,000ஆகக் குறைத்தது. நாளொன்றுக்கு ஒரு கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்கி வருவது இந்தக் கணக்கு. 10 ரயிலும் 1,000 வாகன அலகும் இருந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். குன்னூர் நகருக்குள் ரயில் சாலையைக் குறுக்கிடும் இடத்தில் சீசன் நேரத்தில் நின்றவர்களுக்கு இந்த எண்கள் விளங்கும். எந்த கேட் எப்போது மாற்றப்படும் என்பது ரயில்வேயின் முடிவு. ஆனால் மாற்றத்தின் திசை தெளிவாகிவிட்டது.

அந்தத் திசை சரியானது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மலையில் மூடுபனி இறங்கும் நாட்களில் நாற்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கல்லாறு - குன்னூர் பற்சக்கரப் பாதையில் மேலேறும் நீராவி இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து தள்ளுகிறது. முன்னால் வருவது பெட்டி, அதன் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். இப்படிப்பட்ட பாதையில் நல்ல சிக்னலும் நல்ல ஹூட்டரும் வேண்டும். பழைய மணியைக் காப்பாற்றுவதற்காக ஒரு கேட்டைப் பழையபடியே விட்டுவைக்கச் சொல்லும் ஆர்வலர் தவறு செய்கிறார். மணி பணியிலிருந்து இறங்கட்டும். இறங்கும் அந்த நாளில் அது எங்கே போகிறது என்பதே கேள்வி.

அங்கேதான் சட்டமும் பெருமையும் நம்மைக் கைவிடுகின்றன. உலக பாரம்பரியப் பட்டம் காவல் காக்கும் என்று நினைப்பவர்கள் டிரெஸ்டனைப் பார்க்கலாம். எல்பே ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டியதால் 2009இல் அது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. லிவர்பூல் துறைமுகம் 2021இல் நீக்கப்பட்டது. ஒரு நகரத்தின் தோற்றத்தையே காக்க முடியாத பட்டம், கேத்தியிலோ லவ்டேலிலோ ஒரு கொக்கியில் தொங்கும் மணியைக் காக்காது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருட்களுக்கு அது பொருந்தும். அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதிக்கிறது. குன்னூர் வரை ரயில் வந்தது 1899இல், உதகைக்கு 1908இல். அந்தக் காலத்து மணி இருந்தால் அதன் வயது நூறைத் தாண்டிவிட்டது. ஆனால் வயதை நிரூபிக்க வேண்டுமே. அதற்கு மணியின் மேலுள்ள எழுத்து உதவும். இந்தப் பாதை தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வேயின் நிர்வாகத்தில் ஓடியது. பிறகு தென்னிந்திய ரயில்வேயிடம் போனது. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவானபோது அதற்குள் வந்தது. ஒரு கருவியின் மேல் பொறித்த இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடும். அந்த எழுத்தின் மேல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பூச்சு பெயின்ட் ஏறினால் அதுவும் மறையும்.

ஆர்வலர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய ரயில்வே மணி, டோக்கன், விளக்கு என்று கடைகளில் கிடைக்கும் பொருட்களை ஆசையில் வாங்கிவிடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முறையான ஏல ரசீது இல்லாத மணியை வாங்குபவர் அதைக் காப்பாற்றவில்லை; அடுத்த மணியைத் திருடுவதற்குச் சந்தை உண்டாக்குகிறார். அதேபோல, படம் எடுப்பதற்காகப் பாதையில் நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள்: 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் 208 வளைவுகளும் உள்ள பாதையில், வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்காது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இந்தப் பாதை 2007 முதல் சேலம் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை உள்ள நிலையங்களிலும் கேட்களிலும் இருக்கும் மணி, பிளாக் கருவி, தொலைபேசி, விளக்கு ஒவ்வொன்றையும் படமெடுத்து, எழுத்தைக் குறித்து, எண் கொடுத்து ஒரு பதிவேடு போடலாம். ஒரு கோட்ட அலுவலகம் சில வாரங்களில் முடிக்கக்கூடிய பணி. அந்தப் பதிவேட்டில் இருக்கும் எதுவும் ஏலக் குவியலுக்குப் போகக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டால் பாதி வேலை முடிந்தது. வைக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. என் விருப்பம், மலைப் பொருள் மலையிலேயே, குன்னூரிலோ உதகையிலோ இருக்க வேண்டும் என்பது.

ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஜப்பானின் சுற்றுச்சூழல் துறை 1996இல் நாட்டின் காக்கத்தக்க நூறு ஒலிகளைத் தேர்ந்தெடுத்தபோது நீராவி ரயிலின் ஒலிக்கும் அதில் இடம் கொடுத்தது. பிரான்ஸ் 2021இல் கிராமப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்றுச் சட்டமே இயற்றியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மணியைப் பிறகு யாரும் அடிக்கப்போவதில்லை. அது வேலையில் இருக்கும்போதே, அதை அடிக்கத் தெரிந்தவர் அடிக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும். எத்தனை அடிக்கு என்ன பொருள் என்று சொல்லக்கூடிய ஸ்டேஷன் மாஸ்டர்களும் கேட்கீப்பர்களும் ஓய்வுபெற்று, மலையிலும் சமவெளியிலும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் அந்தப் பதிவோடு சேர்க்க வேண்டும்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட் மூடியிருக்கும்போது சாலையோரத்தில் நின்றபடியே கைபேசியில் அந்த ஒலியை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ரயில்வேயில் பணியாற்றிய பெரியவர் இருந்தால் அந்த மணியின் கணக்கை அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கருவிகளின் பதிவேடு இருக்கிறதா என்று சேலம் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்புங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதிலளிக்க அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.