ரத்தான பாலிசியும் தேடி வரும் பாக்கியும்

நம் சங்க அங்கத்தினர்களிடையே சொந்தக் கார் வைத்திருப்போர் தொகை முன்போல் அரிதாக இல்லை. தறி வைத்திருப்பவரும் தோட்டம் வைத்திருப்பவரும் கடன் வாங்கியேனும் ஒரு கார் வாங்குகின்றனர். இன்ஷ்யூரன்ஸ் பாலிசியையும் பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர். அந்தப் பாலிசி இடையில் ரத்தாகிவிட்டால், அதன் பேரில் நம்மிடம் ஒரு தொகை பாக்கி என்று கடிதம் வரக்கூடும். அக்கடிதத்தைக் கண்டு அஞ்சிக் கேட்டதையெல்லாம் கொடுப்போரும் உண்டு. பிரித்துப் பாராமல் எறவாணத்தில் செருகிவைப்போரும் உண்டு. இரண்டுமே நஷ்டத்துக்கு வழி. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பிரீமியப் பாக்கியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் 1938-ஆம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தில் 64-வி.பி. என்றொரு பிரிவு உண்டு. பிரீமியம் முன்கூட்டிக் கைக்கு வராமல் எந்தக் கம்பெனியும் அபாயப் பொறுப்பை ஏற்கலாகாது என்பது அதன் சாரம். எனவே, செக் திரும்பிவிட்டது, பாலிசி ஆதி முதலே செல்லாது என்று எழுதிய கம்பெனி, அதே வருஷத்துக்கு முழுப் பிரீமியமும் கொடு என்று கேட்பது பொருந்தாது. நெய்யாத சேலைக்குக் கூலி கேட்பது போன்றதே அது. பணம் கட்டிய பிறகு நாமே பாலிசியை ரத்து செய்தாலோ, கணக்கு நம் பக்கம் திரும்புகிறது. ஒரு வருஷத்துப் பாலிசியில் நஷ்டஈடு எதுவும் கோராதிருந்தால், மீதி நாட்களுக்குரிய பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தரவேண்டும் என்று இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் மாதத்தில் உத்தரவிட்டது. கம்பெனி தானாக ரத்து செய்வதற்கு மோசடி ஒன்றே காரணமாகலாம், அதுவும் நிரூபிக்கப்பட்டிருக்கவேண்டும், குறைந்தது 7 நாள் நோட்டீஸும் வேண்டும். இவ்வுத்தரவைச் சுட்டி, கணக்கை எழுத்தில் கேட்பதே நாம் செய்யவேண்டிய முதற் காரியம்.

ஆயினும் திரும்பிய செக் விளையாட்டான விஷயமன்று. மாற்று முறி ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் வந்தால், பணம் செலுத்த 15 நாளே அவகாசம். கடனே இல்லை என்று வாதிட நியாயம் இருந்தாலும், அந்த 15 நாளுக்குள் வக்கீலைக் கொண்டு பதில் எழுதிவிடுவதே புத்தி.

கார்க் கடன் கொடுத்த வங்கியோ நிதிக் கம்பெனியோ, பாலிசி ரத்தானதை அறிந்து தானே புதுப் பாலிசி எடுத்து, அச்செலவை நம் கடன் கணக்கில் ஏற்றுவதும் உண்டு. ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறதா, நாம் ஏற்கெனவே வேறு பாலிசி எடுத்திருந்தோமா என்ற இரண்டையும் பார்க்கவேண்டும். ஒரே காருக்கு ஒரே காலத்தில் இரண்டு பிரீமியம் ஏறியிருந்தால், நம் பாலிசியின் நகலை இணைத்து எழுதவேண்டும். 30 நாளில் தக்க பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

இவையெல்லாம் ஆயிரக்கணக்கில் முடிபவை. காணியையும் வீட்டையும் அசைக்கக்கூடிய கடன் வேறொன்று. பாலிசி ரத்தான காலத்தில் நம் கார் ஒருவர்மீது மோதி, மோட்டார் விபத்து டிரிபியூனல் நஷ்டஈடு விதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டி உடையவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்” என்று உத்தரவாகலாம். அந்தத் தொகை முழுவதும் நம் தலையில் கடனாக வந்து நிற்கும்.

இதில் தேதிகளே பெரிதும் பேசுகின்றன. ஒரு வழக்கில் 1989 நவம்பர் 30-ஆம் தேதி ஒரு பஸ்ஸுக்குப் பாலிசி கொடுக்கப்பட்டது, செக் திரும்பிற்று, 1990 ஏப்ரல் 19-ஆம் தேதி விபத்து நேர்ந்தது, ரொக்கமாகப் பிரீமியம் கட்டியதோ மே 2-ஆம் தேதி. பணம் வருமுன் பாலிசியைக் கொடுத்தது கம்பெனியின் செயலே, எனவே பாதிக்கப்பட்டவருக்கு அது பொறுப்பாளி என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மற்றொரு வழக்கில் 1997 நவம்பரிலேயே ரத்துச் செய்தி உடையவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது; விபத்து 1998 பிப்ரவரியில் நிகழ்ந்தது. அங்கே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றே கோர்ட் கண்டது. ஆனாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் கருதி, தன் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு, கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு உடையவரிடம் வசூலிக்கும்படி பணித்தது. 2012-இல் தீர்ந்த மூன்றாவது வழக்கில் விபத்து 2004 மே 11-ஆம் தேதி. ரத்துக் கடிதம் உடையவரின் கைக்கு வந்ததோ மே 21-ஆம் தேதி. விபத்துக்கு முன் செய்தி சேரவில்லையாதலால் கம்பெனியே கொடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் உடையவரிடம் வசூலிக்கத் தன் பரிகாரத்தைத் தேடிக்கொள்ள அப்போதும் கம்பெனிக்கு இடம் விடப்பட்டது.

ஆகவே நோட்டீஸ் பிந்தி வந்தது என்பது நல்ல வாதமே. எனினும் அது ஒன்றையே நம்பியிருக்கலாகாது. செக் ஏன் திரும்பிற்று என்பதையும் காட்டவேண்டும். கணக்கில் பணம் இருந்தும் வங்கியின் தவறால் திரும்பியிருக்கலாம். திரும்பிய பின் நாம் ரொக்கம் கட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த மாதத்து வங்கிக் கணக்கு விவரமும், ரொக்க ரசீதும், கடிதம் வந்த உறையும் இங்கே பொன்னாகும். சரியான விலாசத்துக்கு முறைப்படி பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். சேரவில்லை என்று காட்டும் சுமை நம்முடையது. 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வீடு மாறியும் பாலிசியில் பழைய விலாசத்தையே விட்டுவைப்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லவேண்டிய இடம் டிரிபியூனல். நாம் கண்ட மட்டில் உடையவர்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணிச் சம்மனுக்குப் போகாமல் இருந்துவிடுகின்றனர், ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடுகிறது. பிறகு கம்பெனி தனி வழக்குத் தொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம் என்று 2004-இலேயே சுப்ரீம் கோர்ட் வழி காட்டியிருக்கிறது. டிரிபியூனல் கலெக்டருக்குச் சான்று அனுப்பினால் நிலவரிப் பாக்கியைப் போலவே தண்டல் நடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கட்டத்தில் பாலிசியைப் பற்றி வாதிக்க இடம் மிகக் குறைவு. தீர்ப்பு தவறென்றால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் செய்யவேண்டும். 25,000 ரூபாயோ தொகையில் பாதியோ, எது குறைவோ அதைக் கட்டவேண்டும்.

பிரீமியம் திரும்பாதது, காரணமின்றி ரத்து செய்தது போன்ற தகராறுகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்திருக்கவேண்டும்; பிறகு ஒரு வருஷத்துக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. டிரிபியூனல் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை.

காரை விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்ற கையோடு பாலிசியை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தை வாங்கிவிடுகின்றனர், ஆர்.சி. புத்தகத்திலோ பெயர் மாறியிருப்பதில்லை. கை மாறிக் கை மாறிப் போன காரானாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. விற்பனைச் சீட்டைக் காட்டி அந்தக் கடனை மறுக்க முடியாது. விற்றவர் 14 நாளுக்குள் 29-ஆம் நம்பர்ப் படிவத்தில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவர் பெயர் பதிவில் ஏறிவிட்டதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே பாலிசியை ரத்து செய்ய எழுதவேண்டும்.