ரப்பர்க் காட்டில் ஓர் ஊர்

கடல் கடந்து சென்ற தமிழரைப் பற்றிப் பேசுவோர் கூலி, கடன், கங்காணி, கள்ளுக்கடை ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசுவர். அவர்களுடைய குழந்தைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குழந்தைக்குத் தாய்நாட்டுக் கிராமம் பாட்டி சொல்லக் கேட்ட கதை மாத்திரமே. எனினும் அதற்கும் ஓர் ஊர் இருந்தது. அவ்வூரை ஆக்கித் தந்தவை திருவிழாக்களே என்பது நமது அபிப்பிராயம்.

தோட்டம் இயல்பில் ஊரன்று. கம்பெனியார் லாபங் கருதிக் காட்டை அழித்து மரம் நட்டனர். வேலையாட்களைக் குடிவைக்க வரிசை வரிசையாக லயங்களைக் கட்டினர். பொழுது புலருமுன் பெரட்டுக்கு ஆள் திரளும். தாய் தந்தையர் மரம் சீவப் புறப்பட்டதும் கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். சற்று வளர்ந்த பிள்ளை மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் நிரைக்குப் போகும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையும், ஓய்ந்த நேரத்தில் பாடஞ் சொல்லும் ஒரு கிராணியுமே!

இத்தகைய இடத்திலேதான் நம் ஜனங்கள் மாரியம்மனை வைத்தார்கள். முதலில் மரத்தடியில் ஒரு கல். பின்னர்த் தகரக் கூரை. அதன் பின் வருஷத் திருவிழா. பொங்கலும் அவர்களோடு கப்பலேறிற்று. யோசித்துப் பார்த்தால் இது விந்தையே. பொங்கல் அறுவடைத் திருநாள். தோட்டத்திலோ நெல்லுமில்லை, களமுமில்லை. தையும் மாசியும் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம். பால் குறையும், வேலையும் குறையும். நம் நாட்டில் குதிர் நிறையும் மாதத்தில் அங்கே கைப்பணம் சுருங்கும். ஆயினும் லயத்து வாசல்தோறும் பானை பொங்கிற்று. கண்ணால் காணாத வயலுக்கு நன்றி கூறக் குழந்தை கற்றுக்கொண்டது.

தைப்பூசத்தன்று அதன் உலகம் மேலும் விரியும். லாரியில் ஏறிக் கோலாலம்பூரை அடுத்த பத்துமலைக்குச் சென்று, 272 படிகளிலும் மொய்த்து நிற்கும் காவடிக் கூட்டத்தைக் கண்ட பிறகே, தன் இனத்தார் தன் லயத்தோடு முடிந்தவரல்லர் என்பது அதற்கு விளங்கும்.

இவை யாவற்றினும் பெரிது தீமிதி. பெரட்டுக் களத்தில் வசவு கேட்டுத் தலை குனிந்து நின்ற தகப்பன், அன்று மஞ்சளாடை உடுத்து, நிமிர்ந்த தலையோடு தணலில் இறங்குவான். விழாவுக்குத் துரைமாரும் நன்கொடை அளித்ததுண்டு. கோவிலும் கூத்தும் இருந்தால் ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகார் என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு முற்றும் பொய்யென்று நாம் கூறோம். விழா நாளில் கள்ளுக்கடை நன்றாகவே நடந்தது. ஆனால் தகப்பன் எவருக்கும் ஆளல்லாத ஒரு நாளைப் பிள்ளை பார்த்துவிட்டது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அதற்கு விடையாகத் துப்பாக்கிகள் வந்தன. அவ்வருஷக் கடைசியில் ஜப்பானியர் வந்தனர். சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பன்மாரில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை.

யுத்தத்தின் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அவற்றை வாங்கித் தொழிலாளருக்கே உரிமையாக்கும் பொருட்டு 1960-ல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று; எனினும் லயங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை இருந்த இடத்தில் செம்பனையும் நகரக் கட்டடங்களும் நிற்கின்றன. சில இடங்களில் கோவில் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. வருஷத் திருவிழாவுக்கு அக்காலத்துக் குழந்தைகள் பேரப்பிள்ளைகளுடன் பட்டணங்களிலிருந்து வருகிறார்கள். “ஊருக்குப் போகிறோம்” என்றே சொல்லிப் புறப்படுகிறார்கள். கோவில் நிற்கும் நிலமோ பல இடங்களில் கம்பெனியார் பெயரிலிருந்து இன்னொரு கம்பெனியார் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அம்மனுக்குப் பட்டா இல்லை.