முப்பது பவுண்டுக்கு என்ன கிடைக்கும்?

இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர், மீன் கடிக்கும் முன்பே இரண்டு இடங்களில் பணம் கட்டியிருப்பார். முதலில் அரசுக்கு. 13 வயதைத் தொட்ட எவரும் நன்னீரில் தூண்டில் போட உரிமம் எடுக்க வேண்டும். 16 வயது வரை அது இலவசம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 35 பவுண்டுக்குச் சற்று மேல். சால்மன் பிடிக்கும் ஆசை இருந்தால் தொகை இரண்டு மடங்கையும் தாண்டும். அடுத்து உள்ளூர் மீன்பிடி மன்றத்துக்கு. அந்நாட்டுச் சட்டப்படி, கடலின் ஏற்ற இறக்கம் எட்டாத ஆற்றுப் பகுதியில் மீன்பிடிக்கும் உரிமை பொதுவாகக் கரையோர நிலத்துக்காரருடையது. அவரிடம் குத்தகைக்கு எடுத்துத் தன் உறுப்பினர்களுக்கு இடம் தருவது மன்றத்தின் வேலை.

இவ்வளவுக்கும் பிறகு மூன்றாவதாக ஒருவர் சந்தா கேட்கிறார். தேசிய அளவிலான தூண்டில்காரர் அமைப்பான ஆங்லிங் டிரஸ்ட். தனிநபருக்கு ஆண்டுச் சந்தா ஏறக்குறைய 30 பவுண்டு. நம் பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். உரிமம் எடுக்காதவருக்கு அபராதம் உண்டு. மன்றச் சீட்டு இல்லாதவரைக் கரையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். இந்த அமைப்பில் சேராதவருக்கோ ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் உரிமங்கள் விற்கும் நாட்டில் பெரும்பாலானோர் சேராமல்தான் இருக்கிறார்கள். கட்டாயமில்லாத ஒன்றுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. பதிலும் அதே நியாயத்தோடு இருக்க வேண்டும்.

சலுகைக் கணக்கு

சந்தா கட்டியவர் கைக்கு நேராக என்ன வருகிறது என்று பார்த்தால் பட்டியல் சிறியது. சில தள்ளுபடிகள், செய்தி மடல், போட்டிகளில் கலந்துகொள்ளும் தகுதி. இங்கிலாந்து அணிக்காகத் தூண்டில் பிடிக்கும் கனவு உள்ளவருக்கு இது பெரிய விஷயம். உலகப் போட்டிகளில் ஐந்து முறை தனிநபர் பட்டம் வென்ற ஆலன் ஸ்காட்தோர்ன் அந்நாட்டுக்காரர்; அந்த அணிகளை இன்று அனுப்பும் பொறுப்பு இந்த அமைப்புடையது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பா நிறையப் புழுவோடு குளத்துக்குப் போகிறவருக்குப் போட்டியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். தள்ளுபடியை மட்டும் கூட்டிப் பார்த்தால் அவருக்குச் சந்தா தேறாது. அந்தக் கணக்கில் சேராதவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

அமைப்பின் உண்மையான சரக்கு வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க 1948-க்குப் போக வேண்டும்.

வழக்குக்கு ஒரு பொது நிதி

போர் முடிந்த இங்கிலாந்தில் பல ஆறுகள் ஆலைகளின் சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தன. அரசுக்கு உற்பத்தி முக்கியம், மீன் முக்கியமில்லை. அப்போது ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் ஒரு பழைய சட்டக் கருவியைக் கையில் எடுத்தார். மீன்பிடி உரிமை ஒரு சொத்து. ஒருவருடைய சொத்தை இன்னொருவர் பாழாக்கினால் இழப்பீடும் தடையாணையும் கேட்டு நீதிமன்றம் போகலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

தடை பணம்தான். இங்கிலாந்தில் வழக்கில் தோற்றவர், வென்றவரின் செலவையும் சேர்த்துக் கட்டுவதுதான் பொது வழக்கம். இருநூறு பேர் கொண்ட ஒரு மன்றம் பெரிய ரசாயன ஆலைக்கு எதிராகப் போய்த் தோற்றால், மன்றமே திவாலாகும். இந்தப் பயம் இருக்கும்வரை உரிமை ஏட்டளவில்தான். ஈஸ்ட்வுட் தொடங்கிய தூண்டில்காரர் கூட்டுறவுச் சங்கம் நாடெங்கும் சிறு சந்தா வசூலித்து ஒரு நிதியைச் சேர்த்தது. வழக்குப் போடும் மன்றத்துக்குச் செலவுப் பயத்தை அந்த நிதி நீக்கியது. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது இந்த ஏற்பாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

முதல் பெரும் சோதனை டார்பி நகரில் வந்தது. டெர்வென்ட் ஆற்றில் செயற்கைப் பட்டு தயாரித்த பிரிட்டிஷ் செலனீஸ் நிறுவனம் ஆலைக்கழிவை விட்டது. டார்பி மாநகராட்சி அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடையை விட்டது. மின் நிலையம் சுடுநீரை விட்டது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் எஞ்சிய மீனுக்கும் மூச்சு முட்டியது. பிரைடு ஆஃப் டார்பி என்ற தூண்டில்காரர் சங்கம் மூன்று பேரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஊர் மக்கள்தொகை கூடிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றது மாநகராட்சி. 1952-இல் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. சரிசெய்ய அவகாசமும் கொடுத்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. பொதுச் சேவை செய்கிறோம் என்பது அடுத்தவர் சொத்தைக் கெடுக்க உரிமம் ஆகாது என்ற அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. மாசு செய்தவர்மீது அரசு வழக்குப் போட்டு வென்றால் அபராதம் பொதுவாகக் கருவூலத்துக்குப் போகும். மன்றம் உரிமையியல் வழக்குப் போட்டு வென்றால் இழப்பீடு மன்றத்துக்கு வரும். அதைக் கொண்டு குஞ்சு விடலாம், கரையைச் சீர் செய்யலாம். அடிபட்ட ஆற்றுக்கே பணம் திரும்புகிறது.

கேட்டால் சொல்லியாக வேண்டும்

2009-இல் போட்டிக்காரர்களின் சம்மேளனம், கடல் தூண்டில்காரர்களின் சம்மேளனம் எனத் தனித்தனியாக இயங்கிய ஆறு அமைப்புகள் ஒன்று சேர்ந்ததில் ஆங்லிங் டிரஸ்ட் பிறந்தது. ஈஸ்ட்வுட்டின் சங்கம் ஃபிஷ் லீகல் என்ற பெயரில் அதன் சட்டக் கரமாக, ஆனால் தனி அமைப்பாக நீடித்தது.

அந்த ஆண்டே ஃபிஷ் லீகல் தண்ணீர் நிறுவனங்களிடம் கழிவு வெளியேற்றம் பற்றிய விவரம் கேட்டது. 1989-இல் தனியார்மயமான அந்நிறுவனங்கள், நாங்கள் அரசு அலுவலகம் இல்லை, பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இல்லை என்றன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தனியார் நிறுவனமானாலும் சாதாரண நிறுவனங்களுக்கு இல்லாத சிறப்பு அதிகாரங்கள் சட்டப்படி இருந்தால் அது பொது அதிகார அமைப்பாகலாம் என்று 2013 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலை வைத்து 2015-இல் பிரிட்டிஷ் தீர்ப்பாயம் தண்ணீர் நிறுவனங்கள் தகவல் தரக் கடமைப்பட்டவை என்று முடிவு செய்தது.

2023-இல் இங்கிலாந்தின் மழைக்கால வழிந்தோடிகளிலிருந்து மொத்தம் 36 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் கழிவுநீர் வெளியேறியது என்பது இன்று தேசியச் செய்தி. சாக்கடைக் கணக்கு பொதுமக்கள் கேட்டு வாங்கக்கூடியது என்ற நிலைக்கு, தூண்டில்காரர் சந்தாவில் நடந்த அந்த வழக்கும் ஒரு காரணம்.

யார்க்‌ஷயரில் பிக்கரிங் ஊருக்கு அருகே காஸ்டா பெக் என்ற ஓடை இருக்கிறது. ஊற்றுநீரில் ஓடும் அதில் ஒருகாலத்தில் டிரவுட் நிறைந்திருந்தது. பிறகு கழிவால் நலிந்தது. அந்த ஓடையை மீட்க அரசின் ஆற்றுப்படுகைத் திட்டத்தில் குறிப்பான நடவடிக்கை எதுவும் இல்லை என்று உள்ளூர் மீன்பிடிச் சங்கம் ஃபிஷ் லீகல் துணையோடு வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்து 2025 ஏப்ரலில் மறுபடியும் தோற்றது. ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனித்தனியே நடவடிக்கை வகுக்க வேண்டும் என்ற இந்தத் தீர்ப்பு அந்த ஓடையோடு நிற்பதல்ல. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், நீர்நிலை உடைமையாளர்கள் சாக்கடை நிறுவனங்கள்மீது நேரடியாக வழக்குப் போடலாம் என்று வழிவிட்டிருக்கிறது. கதவு அகலமாகியிருக்கும் இந்த நேரத்தில் வழக்கு நிதிக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் பேச்சு

அமைப்பைக் குறை சொல்பவர்களிடமும் விஷயம் இருக்கிறது. உரிமப் பணம் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குப் போகிறது. அந்த முகமையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, புதியவர்களுக்குப் பயிற்சி, தன்னார்வக் கரைக்காவலர் போன்ற பணிகளை ஆங்லிங் டிரஸ்ட் செய்கிறது. அரசிடம் பணம் வாங்குகிறவர் அரசை எவ்வளவு கடுமையாகத் திட்ட முடியும் என்று கேட்கிறார்கள். பிக்கரிங் வழக்கு அதற்கு ஒரு பதில். ஆனால் கேள்வி என்றும் கேட்கப்பட வேண்டியது.

எல்லாத் தூண்டில்காரருக்கும் ஒரே அமைப்பு என்பதிலும் சிக்கல் உண்டு. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை உள்ள தடைக்காலம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஒரே அமைப்புக்குள்தான் இருக்கிறார்கள். கார்ப் குளத்துக்காரருக்குச் சால்மன் கவலை கிடையாது. எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு சாரார் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

கட்டாதவருக்கும் பலன் கிடைத்துவிடுகிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பாதுகாப்பாக மீன்பிடிக்க வழிமுறைகளைத் தொகுத்து அரசிடம் அறிக்கை கொடுத்தது இந்த அமைப்பு. மே 13 அன்று இங்கிலாந்தில் முதலில் அனுமதிக்கப்பட்ட விளையாட்டுகளில் தூண்டிலும் ஒன்று. அன்று கரைக்கு ஓடியவர்களில் சந்தா கட்டியவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. பொருளியலறிஞர் மன்கர் ஓல்சன் 1965-இல் எழுதியதும் இதைத்தான்: பலன் எல்லோருக்கும் பொதுவாகும்போது, செலவை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்வார்கள்.

காவிரியில் ஒரு சான்று

தூண்டில்காரர் அமைப்பு என்றால் வெள்ளைக்காரர் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கர்நாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியைத் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் குத்தகைக்கு எடுத்து, மஹசீர் மீனைப் பிடித்து உயிரோடு விடும் முறையை நடத்தியது. வெடி வைத்து மீன் பிடிப்பவர்களைத் தடுக்கக் காவலும் போட்டது. காவிரிக் கரையில் இருந்த காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகள்தான் பின்னர் ஆய்வாளர்களுக்கு ஓர் உண்மையைக் காட்டின. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகிக்கொண்டிருந்தது. 2018-இல் மோயாற்று மீன்களின் துணையோடு திமில் மஹசீரின் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தூண்டில் பிரியர்கள் நல்லெண்ணத்தோடு குஞ்சு விட்டதும் இந்தக் கதையில் ஒரு பங்கு. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்டப் பார்வையால் முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. அதோடு குறிப்பேடும் நின்றது.

சேரலாமா?

ஆளைப் பொறுத்து பதில் மாறும். தனியார் நடத்தும் வளர்ப்புக் குளத்தில் நாள் சீட்டு வாங்கி மாதம் ஒரு முறை போகிறவர் சேர வேண்டிய அவசியமில்லை. அவருடைய மீனைக் காக்கும் அக்கறை குளத்து முதலாளிக்கே உண்டு.

ஆற்றில் தூண்டில் போடுகிறவர் முதலில் தன் மன்றத்திடம் ஒன்று கேட்க வேண்டும்: நாம் ஃபிஷ் லீகல் உறுப்பினரா? இல்லை என்றால், அடுத்த பொதுக்குழுவில் அதற்குத் தீர்மானம் கொண்டுவருவது தனிச் சந்தாவைவிடப் பயன் தரும். குத்தகை உரிமை மன்றத்தின் பெயரில் இருப்பதால் வழக்குப் போடும் தகுதியும் மன்றத்துக்குத்தான். அதன் பிறகு தனிச் சந்தாவும் கட்டினால் நல்லது.

கடலில் தூண்டில் போடுகிறவர் பெரும்பாலும் சேருவதில்லை. கடலுக்கு உரிமமும் கிடையாது, குத்தகையும் கிடையாது. சொத்துரிமை இல்லாததால் ஈஸ்ட்வுட்டின் வழியில் நீதிமன்றம் போக அவருக்கு வாய்ப்பில்லை. 2016-இல் முதல் ஆறு மாதம் பாஸ் மீனைப் பிடித்தால் திரும்ப விட்டாக வேண்டும், பிறகு நாளுக்கு ஒன்று என்று கட்டுப்பாடு வந்தபோது பேச்சுவார்த்தையைத் தவிர வேறு ஆயுதம் அவரிடம் இல்லை. அதனால் ஆற்றுக்காரரைவிட அவருக்கே அமைப்பு அதிகம் தேவை.

இங்கிலாந்தில் வாழும் தமிழ் வாசகர்களில் தூண்டில் பிரியர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளுபடிக்காகச் சேராதீர்கள். சேர்ந்தபின் ஆண்டறிக்கையை வாங்கி, வழக்குகளுக்கு எவ்வளவு போனது, நிர்வாகத்துக்கு எவ்வளவு போனது, அரசு ஒப்பந்தத்தில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். பதில் திருப்தி தந்தால் புதுப்பியுங்கள். தராவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சந்தா கட்டியவருக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.