கருவுறும் காலமும் வீண் பழியும்

வண்டலூரில் 1985-ம் வருஷம் திறக்கப்பட்ட மிருகக்காட்சி சாலையில் புலி குட்டி ஈன்றதென்றால் நம் ஜனங்கள் மகிழ்கிறார்கள். பெண் புலிக்குப் பெரும்பாலும் ஆணுடன் கூடிய பின்னரே கருமுட்டை வெளிப்படுகிறது. ஆதலால் காலம் தவறுவது அரிது.

மனித ஜாதியின் நிலை வேறு. முட்டை தன் காலத்தில் வெளிப்பட்டு ஒரே நாளில் அழிந்துவிடும். புருஷனுடைய விந்தணு ஐந்து நாள் வரை உயிர் தரிக்கும். ஆகவே மாதத்தில் கருவுறத்தக்க நாட்கள் ஏறக்குறைய ஆறே.

அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னரே முட்டை வெளிப்படுகிறதென்று ஜப்பானிய வைத்தியர் ஓகினோ 1924-ல் கூறினார். 28 நாள் சுற்றுடையவருக்கு அது 14-ம் நாள். 35 நாள் சுற்றுடையவருக்கோ 21-ம் நாள். எல்லோருக்கும் 14-ம் நாளே என்று எண்ணுவது பிசகு.

இக்கணக்கை அறியாது மனைவியை மலடியென்று தூற்றும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. குறை புருஷனிடத்திலும் இருக்கலாம். அவனுக்குரிய முதற்பரிசோதனையோ மிக எளிது. ஓராண்டு முயன்றும், மனைவி 35 வயதைக் கடந்தவரானால் ஆறு மாதம் முயன்றும், பலனில்லையேல் இருவருமே வைத்தியரை நாட வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசும் நண்பர்கள், வீட்டில் முதலில் தாமே பரிசோதனைக்கு முன்வருவார்களாக என்று கேட்டுக்கொள்கிறோம்.