அமெரிக்க அரசியல் சாசனமும் எங்கள் மைக்செட் பாக்கியும்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஐயோ சாமி, அதுதான் வருஷா வருஷம் வருதே!" என்று கையெடுத்துக் கும்பிட்டு விட்டார்கள். ஆகவே சங்கப் பொருளாளராக இந்த ஆண்டு நான் பட்ட பாட்டையும், அந்தப் பாட்டால் படிக்க நேர்ந்த ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். நான் எலக்ட்ரிகல் மூன்றாமாண்டு. அரசியல் பாடம் எடுத்துப் படித்தவன் அல்ல.

எங்கள் சங்க ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். சந்தாவை வசூலிப்பது அந்தந்தத் துறை மன்றம். விழா நடத்துவது சங்கம். மன்றங்கள் தங்கள் பங்கைத் "தர வேண்டும்" என்று விதியில் இருக்கிறது. தராவிட்டால் என்ன என்று இல்லை! கலை விழா முடிந்து மூன்று நாள் மைக்செட்காரர் விடுதி வாசலிலேயே நின்றார். மெக்கானிக்கல்காரர்கள் பாதி கொடுத்தார்கள். சிவில் "அடுத்த மாசம்" என்றது. பிரிண்டிங் நண்பர்களோ, "நாங்க மொத்தமே இருபத்தெட்டு பேர், எங்ககிட்டயா கேக்குற?" என்றார்கள்.

சரி, விதியை மாற்றுவோம் என்று உட்கார்ந்தால் அடுத்த சண்டை. தலைக்கு ஒரு ஓட்டு என்றால் மெக்கானிக்கல் வைத்ததே சட்டம். துறைக்கு ஒரு ஓட்டு என்றால் இருபத்தெட்டு பேரும் இருநூற்று நாற்பது பேரும் சமம். மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த எங்கள் ஆலோசகர் சார் சிரித்துவிட்டார். "இதே சண்டையை 1787லேயே போட்டு முடிச்சிட்டாங்கப்பா. போய்ப் படிச்சிட்டு வந்து அடிச்சுக்குங்க" என்றார். போய்ப் படித்தேன்.

பிரிட்டனிடமிருந்து பிரிந்த பதின்மூன்று மாநிலங்கள் முதலில் செய்துகொண்டது இன்றைய சாசனம் அல்ல. 1781ல் நடைமுறைக்கு வந்த ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தம். அதில் ஜனாதிபதி கிடையாது. மத்திய நீதிமன்றங்கள் கிடையாது. காங்கிரஸ் என்ற ஒரே சபை, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அந்தச் சபைக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். (மைக்செட்காரர் ஞாபகம் வருகிறதா?) ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமானால் பதின்மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். சுதந்திரப் போரின் கடனை அடைக்க, இறக்குமதிப் பொருளுக்கு 5 சதவீதத் தீர்வை போட அனுமதி கேட்டார்கள். ரோட் ஐலண்டு என்ற சின்னஞ்சிறு மாநிலம் 1782ல் மாட்டேன் என்றது. அதோடு கதை முடிந்தது.

போரில் சண்டை போட்டவர்களுக்கே சம்பள பாக்கி. 1786ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வரிக்கும் கடனுக்கும் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகள், டேனியல் ஷேஸ் என்ற பழைய படைத் தலைவர் போன்றவர்களின் பின்னால் திரண்டு கோர்ட்டுகளை இழுத்து மூட வைத்தார்கள். அதை அடக்கக் காங்கிரசிடம் காசும் இல்லை, படையும் இல்லை. கடைசியில் வியாபாரிகள் பணம் போட்டுத்தான் மாநிலம் படை திரட்டியது. பணக்காரர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாசனம் பிறந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். செப்டம்பர் 17 வரை நான்கு மாதம். வந்து போனவர்கள் 55 பேர், கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்டு ஆளே அனுப்பவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு. ஜேம்ஸ் மாடிசன் தினமும் உட்கார்ந்து குறிப்பெழுதியதால்தான் இன்று நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

சண்டை என்ன சண்டை? அதேதான்! வர்ஜீனியா போன்ற பெரியவர்கள் தலைக்கணக்கு கேட்டார்கள், நியூ ஜெர்சி போன்றவர்கள் மாநிலத்துக்குச் சம ஓட்டு கேட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ரோஜர் ஷெர்மன் முதலானோர் சொன்ன வழி: இரண்டையும் வை. பிரதிநிதிகள் சபையில் தலைக்கணக்கு, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். ஜூலை 16ம் தேதி ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மயிரிழையில் நிறைவேறியது. அதனால்தான் 2020 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 95 லட்சம் பேர் உள்ள கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், 5 லட்சத்து 77 ஆயிரம் பேர் உள்ள வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர். இது நியாயமா என்று இன்றும் அங்கே கேட்கிறார்கள். ஆனால் ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் செனட் சமத்துவத்தைப் பறிக்க முடியாது என்று சாசனமே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது.

தலைக்கணக்கு என்றேனே, அதிலே ஒரு அசிங்கம் உண்டு. அடிமைகளைத் தலையாக எண்ணுவதா? ஓட்டுரிமை கொடுக்காத தென் மாநிலங்கள் எண்ணு என்றன, தங்களுக்கு இடங்கள் கூடுமே! ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்று பேரம் முடிந்தது. சாசனத்தில் 'அடிமை' என்ற வார்த்தையே வராமல் சுற்றி வளைத்து எழுதினார்கள். எழுதியவர்களுக்கே கூச்சமாக இருந்தது போலும். உள்நாட்டுப் போர் முடிந்து 1865ல் 13வது திருத்தம் வந்த பிறகுதான் அடிமை முறை ஒழிந்தது.

இனி நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வருவோம். முதலாண்டில் மாடிப்படி வயரிங் போட்டோமே, இரண்டு சுவிட்சில் எதைத் தட்டினாலும் விளக்கு எரியும். அமெரிக்க ஏற்பாடு அப்படி அல்ல. அது சீரிஸ் இணைப்பு. பிரதிநிதிகள் சபை ஒரு சுவிட்ச், செனட் ஒரு சுவிட்ச், ஜனாதிபதி ஒரு சுவிட்ச். மூன்றும் ஆன் ஆனால்தான் சட்டம் என்ற விளக்கு எரியும். ஜனாதிபதி சுவிட்சை மட்டும் சுற்றிக்கொண்டு போக ஒரு பைபாஸ் உண்டு: இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. உச்ச நீதிமன்றம் ஃபியூஸ். சாசன வரம்பைத் தாண்டி கரன்ட் பாய்ந்தால் அறுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஃபியூஸ் மூல வரைபடத்தில் வெளிப்படையாகக் குறிக்கப்படவில்லை. 1803ல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பின் மூலம் மாட்டி வைத்ததுதான்.

அது ஒரே கட்டடத்துக்குள் உள்ள தடுப்பு. கூட்டாட்சி என்பது வேறு. ஒரே வீட்டுக்கு இரண்டு சப்ளை லைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஒப்பந்தத்தில் மத்திய லைன் மாநிலத்தின் மெயினோடு நின்றுவிடும், வீட்டுக்குள் வராது. புதிய சாசனத்தில் இரண்டு அரசுகளும் ஒவ்வொரு குடிமகனையும் நேரடியாகத் தொடுகின்றன. இரண்டும் வரி போடலாம், இரண்டுக்கும் தனித்தனி கோர்ட், தனித்தனி போலீஸ். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாக ஒரு அரசியல் சாசனமே உண்டு. கவர்னர் நம் ஊர் போல நியமனத்தில் வருபவர் அல்ல, ஓட்டு வாங்கி வருபவர். மத்திய அரசுக்கென்று எழுதிக் கொடுத்தது போக மீதி அதிகாரம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்று 1791ன் பத்தாவது திருத்தம் சொல்கிறது. நம் நாட்டில் மீதி அதிகாரம் மத்திய அரசுக்கு, அங்கே நேர் எதிர். ஒரு மாநிலத்தில் மரண தண்டனை இருக்கும், எல்லை தாண்டினால் இருக்காது.

இரண்டு லைனும் மோதினால்? 1819ல் மோதியது. மத்திய அரசு ஆரம்பித்த பாங்கின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாண்டு மாநிலம் வரி போட்டது. கிளையின் காசாளர் மெக்கல்லக் கட்ட மறுத்தார். பாங்கு ஆரம்பிக்கலாம் என்று சாசனத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று மாநிலம் கேட்டது. மார்ஷல் சொன்னார்: வரி வசூல், கடன், படை என்று வேலைகளைக் கொடுத்தால் அதற்குத் தேவையான கருவிகளையும் கொடுத்ததாகத்தான் அர்த்தம், அந்தக் கருவியை வரி போட்டு நசுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. ஸ்க்ரூவை முடுக்கு என்று சொன்னவர் ஸ்க்ரூ டிரைவரைத் தடுக்க முடியாதல்லவா!

பணத்தை வைத்து மடக்குவது இன்னொரு வித்தை. மது விற்பனை மாநிலங்களின் விஷயம் என்று 1933ல் விடப்பட்டது. காங்கிரஸ் 1984ல் என்ன செய்தது தெரியுமா? 21 வயதுக்குக் கீழே மது வாங்க விடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் 5 சதவீதம் 'கட்' என்றது. தெற்கு டகோட்டாவில் 19 வயதில் லேசான பீர் வாங்கலாம். அது வழக்குக்குப் போனது. 1987ல் ஏழுக்கு இரண்டு என்று காங்கிரஸ் பக்கம் தீர்ப்பு. ஐந்து சதவீதம் என்பது ஆசை காட்டுவதுதான், கழுத்தைப் பிடிப்பது அல்ல என்றார்கள். ஆனால் 2012ல் மருத்துவக் காப்புறுதி வழக்கில், சொன்னபடி கேட்காத மாநிலத்துக்கு ஏழைகளுக்கான மருத்துவ நிதி முழுவதையுமே நிறுத்தலாம் என்றிருந்தது கட்டாயப்படுத்துவதுதான் என்று அதே நீதிமன்றம் தடுத்தது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது: பங்கு தராத துறைக்கு விளையாட்டு விழாவில் டீ கிடையாது! ஐந்து சதவீதம்தானே?

இதுவரை மாநில உரிமை என்றால் எனக்கு நல்ல வார்த்தை. அதனால்தான் லிட்டில் ராக் கதையைப் படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கருப்பருக்கு ஒரு பள்ளி என்று பிரிப்பது செல்லாது என 1954 மே 17ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கருப்பின மாணவ மாணவியர் தேர்வானார்கள். பள்ளிக்கூடம் மாநில விஷயம் என்று கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தினார். குழந்தைகளைக் காப்பாற்ற அல்ல, தடுக்க! சேர்ந்து போகலாம் என்று மற்றவர்கள் பேசி வைத்திருந்த செய்தி எலிசபெத் எக்ஃபோர்டுக்கு எட்டவில்லை. பதினைந்து வயசுப் பெண். தனியாக வந்தாள். துப்பாக்கியோடு சிப்பாய்கள் வழி மறித்தார்கள். பின்னால் கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. பஸ் நிறுத்தம் வரை நடந்து போய் உட்கார்ந்தாள். அந்தப் புகைப்படத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஜனாதிபதி ஐசன்ஹோவர் முதலில் தயங்கினார். செப்டம்பர் 24ல் 101வது வான்வழிப் படைப் பிரிவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பினார். அதோடு, தடுத்து நின்ற அதே மாநிலக் காவல் படையைத் தன் உத்தரவின் கீழ் எடுத்துக்கொண்டார். சாதாரண நாளில் அந்தப் படை கவர்னர் சொல் கேட்கும். சட்டப்படி ஜனாதிபதி அழைத்தால் அவர் சொல் கேட்கும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாதிரி. மறுநாள் ஒன்பது பேரும் ராணுவக் காவலோடு உள்ளே போனார்கள். மாநில அதிகாரிகளும் இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்களே என்று 1958ல் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாகக் கையெழுத்திட்டுத் தீர்ப்பெழுதினார்கள். பதிலுக்கு ஃபாபஸ் அடுத்த கல்வியாண்டு முழுக்க நகரத்து உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். ஒன்பது பேரில் இறுதியாண்டு மாணவரான எர்னஸ்ட் கிரீன் மட்டும் அதற்கு முன்பே, 1958 மே மாதம் அங்கே படிப்பை முடித்துவிட்டார். பட்டமளிப்பில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் கைதட்டவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் மத்திய அரசு எப்போதும் நல்லது, மாநிலம் கெட்டது என்று எழுதிவிடலாமா? ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடு என்று 1850ல் சட்டம் போட்டது மத்திய அரசு. முடியாது என்று மல்லுக்கட்டியது விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறிகள் கைதை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, கலிபோர்னியா கவர்னர் வேண்டாம் என்றும் கேளாமல் ஜனாதிபதி டிரம்ப் அந்த மாநிலக் காவல் படையைத் தன் கீழ் எடுத்தார். கவர்னர் கோர்ட்டுக்குப் போனார். சுவிட்ச் அதேதான், யார் கை, எதற்காக என்பதுதான் வேறு.

கடைசியாக ஒரு செய்தி, நம் போன்ற மாணவர்களுக்கு. சாசனத்தைத் திருத்த காங்கிரசின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். இதுவரை தேறியவை 27 மட்டுமே. எம்.பி.க்கள் தங்களுக்கே சம்பளம் உயர்த்திக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகுதான் அது அமலாக வேண்டும் என்று 1789ல் மாடிசன் காலத்தில் அனுப்பிய ஒரு திருத்தம் மாநிலங்களிடம் தூங்கிக் கிடந்தது. 1982ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் அதைக் கண்டுபிடித்து, இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வகுப்புக் கட்டுரை எழுதினார். கிடைத்த மதிப்பெண் 'சி'. ஆள் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் போட்டார். 1992 மே மாதம் அது 27வது திருத்தமாகச் சாசனத்தில் ஏறியது. 2017ல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை 'ஏ' ஆக்கியது.

இதைப் படித்த அன்றே எங்கள் சங்க விதிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். விதிகளைத் திருத்துவது எப்படி என்று அதில் ஒரு விதியும் இல்லை. நாங்கள் இரண்டு மாதம் மேசையைத் தட்டியது எந்த அதிகாரத்தில் என்றே தெரியவில்லை! அடுத்த ஆண்டுப் பொறுப்பாளர்கள் கவனிக்கவும். மைக்செட் பாக்கியில் இன்னும் நானூறு ரூபாய் நிற்கிறது. சிவில் நண்பர்கள் அதையும் கவனிக்கவும்.