மருத்துவமனைப் பதிவேடு களவு போனால் நாம் என்ன செய்வது?

கடையில் பேரேடு காணாமல் போனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வராது. சரக்கு களவு போனால் மறுபடியும் கொள்முதல் செய்துகொள்ளலாம். யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மண்டியில் எவ்வளவு கடன் என்ற விவரம் அடுத்தவன் கைக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. இதே நிலைமை இப்போது மருத்துவமனைகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வந்திருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் இருப்பது நம்முடைய கணக்கு: பெயர், விலாசம், செல்போன் எண், ஆதார் நகல், பான் எண், வங்கிக் கணக்கு, அவற்றோடு நம் நோயும்.

நோய் வெளியே தெரிந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வியாபாரிக்கு அது சிறிய விஷயமல்ல. ஒருவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது என்று கடைவீதியில் பேச்சு பரவினாலே, அதுவரை முப்பது நாள் தவணை கொடுத்த மொத்த வியாபாரி மறுவாரமே பாக்கியைக் கேட்டு ஆள் அனுப்புவார். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டிலும் இதே தொல்லைதான். எனவே இது குறித்து நம் உறுப்பினர்கள் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

நடந்தவை

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் முடக்கினர். ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் விவரங்கள் பூட்டப்பட்டன என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுத வேண்டியதாயிற்று. தனியாக வைத்திருந்த நகலிலிருந்து விவரங்களை மீட்டார்கள்.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியே கிடைக்கின்றன என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அடையாள அட்டை நகல், வரி விவரம், பரிசோதனை முடிவு, நோயின் பெயர் எல்லாம் அவற்றில் இருந்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாக நிறுவனம் தெரிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் சென்று தடை உத்தரவும் பெற்றது.

இவை இரண்டிலும் மிரட்டல் நிறுவனத்தோடு நின்றது. பின்லாந்தில் அது நோயாளியின் வீட்டு வாசலுக்கே வந்தது. வஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடியவன், கம்பெனி பணம் தராததால், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாகக் கடிதம் அனுப்பினான். 200 யூரோ கொடு, இல்லையேல் நீ டாக்டரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன் என்றான். பாதிக்கப்பட்டோர் சுமார் 33,000 பேர். குற்றவாளிக்கு 2024ல் அங்குள்ள மாவட்ட நீதிமன்றம் 6 ஆண்டு 3 மாதச் சிறை விதித்தது. ஆயினும் வெளியே போன குறிப்புகள் போனவைதான்.

கணக்குத் தெரிந்தவன் எல்லாம் கணக்குப்பிள்ளை அல்ல

ஆகவே, போனதைத் திரும்பப் பெறுவதற்காக நாம் அலைவதில் பயனில்லை. போனதை வைத்து எவனும் காசு பார்க்க முடியாதபடி செய்வதே நம் கையில் இருக்கிறது.

திருட்டு விவரம் பெரும்பாலும் ஒரு போன் அழைப்பாகத்தான் நம்மிடம் வரும். "சார், இன்ன ஆஸ்பத்திரியில் இன்ன தேதியில் உங்கள் மனைவிக்கு ஆபரேஷன் நடந்ததல்லவா? கிளெய்ம் தொகை நிற்கிறது. ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள்" என்பான். தேதி சரி, டாக்டர் பெயர் சரி, பாலிசி எண் சரி. இவ்வளவு தெரிந்தவன் ஆஸ்பத்திரிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

நம் கடைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "முருகேசன் கணக்கில் 3,640 ரூபாய் பாக்கி இருக்கிறது, அவர் பேரில் இரண்டு மூட்டை அரிசி போடுங்கள்" என்றால் போட்டுவிடுவோமா? பாக்கித் தொகையைச் சரியாகச் சொன்னதாலேயே அவர் முருகேசன் வீட்டு ஆள் ஆகிவிட மாட்டார். "இருங்கள், முருகேசனையே கேட்டுவிடுகிறேன்" என்போம். போனிலும் அதேதான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாலிசிப் பத்திரத்திலோ ஆஸ்பத்திரி ரசீதிலோ அச்சிட்ட எண்ணுக்கு நாமே பேச வேண்டும். வந்த எண்ணுக்கே திரும்பப் பேசக்கூடாது. வீட்டுப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கல்லாவில் இருக்கும் பையனுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. நாம் சிகிச்சை பெற்ற இடத்தில் களவு நடந்ததாகச் செய்தி வந்தால், அந்த நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். களவு என்று நடந்தது, நம் விவரம் அதில் உண்டா, எவை எவை போயின, என்ன நடவடிக்கை எடுத்தார்கள், நாம் யாரிடம் பேசுவது என்று கேட்க வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் இந்தக் காகிதம்தான் பேசும்.

2. ஆதார் நகல் போயிருந்தால், ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போது மட்டும் திறந்து, பிறகு பூட்டிக்கொள்ளலாம். நம் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம். உதவிக்கு 1947 என்ற எண்.

3. நம் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நமதல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

4. பான் எண் போயிருந்தால், நம் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கக்கூடும். சிபில் முதலான நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். பாங்கில் ஓவர் டிராப்ட் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

5. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நம் பாலிசியில் இதுவரை பெறப்பட்ட கிளெய்ம் விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நாம் படுக்காத ஆஸ்பத்திரியில் நம் பெயரில் பில் இருந்தால் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும். இல்லையேல் நாளை நமக்கு உண்மையாகவே தேவைப்படும்போது பாலிசித் தொகை தீர்ந்திருக்கும். வராத நோய் வந்ததாகவும் பதிவில் நிற்கும். கம்பெனி கவனிக்காவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

6. அந்த மருத்துவமனையின் செயலியில் வைத்த பாஸ்வேர்டையே வேறு இடத்திலும் வைத்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பணம் போய்விட்டால்

ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். இடையில் எந்த பாங்கில் நிற்கிறதோ அங்கே தடுத்து வைக்க முயல்வார்கள். நம் பாங்குக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண்ணை வாங்க வேண்டும். பாங்கின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த களவால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்த வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017ல் ரிசர்வ் வங்கி வகுத்த முறை. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில்தான். மானக்கேடு என்று நினைத்து இரண்டு நாள் மறைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

நோயைச் சொல்லி மிரட்டினால் பணம் கொடுக்கக்கூடாது. ஒரு நகல் இருக்கும் இடத்தில் நூறு நகல் இருக்கும். கொடுத்தவனிடமே மறுபடியும் வருவான். மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசில் புகார் தர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. களவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற பிரிவு, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்த அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். நோயாளிக்கு அதில் ஒரு ரூபாயும் வராது.

நஷ்ட ஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடிப் பார்க்கலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மேலே சொன்ன கடிதமும் ரசீதும் அப்போது கைகொடுக்கும்.

இனிமேல் கவனிக்க வேண்டியது

ஆதார் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேட்க வேண்டும். நகல் கொடுத்தால் அதன் மேல் தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நாமும் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். கடைப் பையன்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது அவர்களுடைய ஆதார் நகல், குடும்ப விவரம், நோய் விவரம் எல்லாவற்றையும் வாங்கி வாட்ஸ்அப்பில் ஏஜெண்டுக்கு அனுப்புகிறோம். அவை நம் செல்போனிலேயே கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும். நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கு அது. நம் பேரேட்டை எப்படிக் காக்கிறோமோ அப்படியே அதையும் காக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1930, 1947, 155255 என்ற மூன்று எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே இன்றே ஒட்டி வையுங்கள்.