62 ஷட்டர்களுக்குப் பின்னால் ஒரு கடல்: நெதர்லாந்து டெல்டாவின் உயிர்களுக்கு என்ன சிக்கல்?

நெதர்லாந்து என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது துலிப் பூக்கள், காற்றாலைகள், ஆம்ஸ்டர்டாம் கால்வாய்கள். அதே நாட்டின் தென்மேற்கு மூலையில், ரோட்டர்டாமிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால், காட்சியே வேறு. கடல் வற்றும் நேரத்தில் மணல்திட்டுகளில் சீல்கள் படுத்து வெயில் காய்கின்றன. ஆயிரக்கணக்கான பறவைகள் சேற்றில் அலகை விட்டுப் புழு தேடுகின்றன. இதற்குப் பின்னணியில், அடிவானம் நெடுக, கான்கிரீட் தூண்களின் வரிசை ஒன்று நிற்கிறது.

அந்தத் தூண்கள்தான் இங்குள்ள மக்களையும் உயிரினங்களையும் ஒன்றாகக் காப்பாற்றியவை. ஆனால் பறவைகள் இரை தேடும் மணல்திட்டுகள் மெல்ல மெல்லக் கரைவதற்கும் அதே தூண்கள்தான் காரணம். எப்படி?

எங்கே இருக்கிறது இந்த டெல்டா?

ரைன், மாஸ், ஸ்கெல்ட் ஆகிய மூன்று ஆறுகள் வட கடலில் கலக்கும் இடம் இது. இதன் பெரும்பகுதி ஸீலாண்ட் மாகாணத்தில் வருகிறது. ஸீலாண்ட் என்றால் டச்சு மொழியில் ‘கடல் நிலம்’. நியூசிலாந்துக்குப் பெயர் வந்தது இந்த மாகாணத்திலிருந்துதான். தீவுகளும் தீபகற்பங்களும், அவற்றுக்கு நடுவே கடலின் கைகள் போல நீளும் கழிமுகங்களும்தான் இதன் நில அமைப்பு. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்தை ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கிறது. கரை கட்டித்தான் அங்கே வாழவே முடியும்.

1953-ல் என்ன நடந்தது?

1953 ஜனவரி 31 இரவு. வட கடலில் வீசிய கடும் புயலும் பெரிய ஓதமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. கரைகள் பல இடங்களில் உடைந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் கடல் புகுந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள்.

இனி ஒருபோதும் இப்படி நடக்கக் கூடாது என்று முடிவெடுத்த அரசு, ‘டெல்டா திட்டம்’ என்ற மாபெரும் வேலையைக் கையில் எடுத்தது. 1958-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. கழிமுகங்களின் வாயை ஒவ்வொன்றாக அணை கட்டி அடைப்பதுதான் யோசனை. கப்பல் போக்குவரத்துக்குத் தேவைப்பட்ட வழிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

அடைத்த இடங்களில் என்ன ஆனது?

மக்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் கழிமுகத்தின் உயிர் ஓதத்தில் இருக்கிறது. நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும்போது உணவும் ஆக்ஸிஜனும் உள்ளே வருகின்றன. கழிவு வெளியே போகிறது. வாயை அடைத்தால் இந்த மூச்சு நின்றுவிடும்.

1971-ல் அடைக்கப்பட்ட க்ரேவலிங்கன் கழிமுகம் இதற்கு நேரடி சாட்சி. ஏறி இறங்கிய கடல் அசையாத ஏரியாக மாறியது. ஓதத்தை நம்பியிருந்த உயிரினங்கள் அழிந்தன. நிலைமையைச் சமாளிக்க 1978-ல் அணையில் மதகு அமைத்து, கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட ஆரம்பித்தார்கள். ஆனாலும் கோடைக்காலத்தில் ஏரியின் ஆழமான பகுதிகளில் ஆக்ஸிஜன் தட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது.

மூடுவதா, திறப்பதா?

அடுத்து ஓஸ்டர்ஸ்கெல்டே. டெல்டாவின் பெரிய கழிமுகங்களில் ஒன்று. இதையும் முழுசாக அடைப்பதாகத்தான் திட்டம். வேலையும் தொடங்கி, அணையின் ஒரு பகுதி எழும்பிவிட்டது.

அப்போதுதான் எதிர்ப்பு கிளம்பியது. யெர்ஸெக்கே போன்ற ஊர்களில் மட்டியும் ஆளிச்சிப்பியும் வளர்ப்பவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. உப்பு ஓதம் நின்றால் தொழிலே இல்லை. இயற்கை ஆர்வலர்களும் மீனவர்களும் அவர்களோடு கைகோத்தார்கள். இன்னொரு பக்கம், 1953-ல் சொந்தபந்தங்களை இழந்தவர்கள், “பறவைக்காகவும் சிப்பிக்காகவும் மறுபடி எங்கள் உயிரைப் பணயம் வைப்பதா?” என்று கேட்டார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

கடைசியில் நடுவழி ஒன்று பிறந்தது. முழு அணைக்குப் பதில், எப்போதும் திறந்தே இருக்கும் ஷட்டர்கள் கொண்ட தடுப்பு. புயல் வந்தால் மட்டும் மூடப்படும். 1976-ல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. சுமார் 9 கிலோமீட்டர் நீளத் தடுப்பு, 65 பிரம்மாண்டத் தூண்கள், அவற்றுக்கு நடுவே 62 இரும்பு ஷட்டர்கள். டெல்டா திட்டத்திலேயே அதிகச் செலவு பிடித்த பகுதி இதுதான். 1986 அக்டோபர் 4 அன்று அரசி பியாட்ரிக்ஸ் திறந்துவைத்தார்.

நீர்மட்டம் சராசரிக்கு மேல் 3 மீட்டரைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால் ஷட்டர்கள் இறங்கும். சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை இது நடக்கிறது. மற்ற நாள்களில் கடல் வழக்கம்போல உள்ளே வந்து போகிறது.

திறந்த ஷட்டரால் பிழைத்தவை எவை?

ஓஸ்டர்ஸ்கெல்டே 2002-ல் தேசியப் பூங்காவானது. சுமார் 370 சதுர கிலோமீட்டர் பரப்பு. நெதர்லாந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று; பெரும்பகுதி தண்ணீர்.

1970-களில் டெல்டாவில் சீல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேட்டையும் நீர் மாசும் அவற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. வேட்டை தடை செய்யப்பட்டு, நீரும் சுத்தமான பிறகு அவை திரும்பி வந்தன. இன்று டெல்டாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீல்கள் இருக்கின்றன. டால்பினுக்கு நெருங்கிய உறவான போர்பாய்ஸ்களும் தடுப்புக்கு உள்ளேயே சில டஜன் கணக்கில் வாழ்கின்றன.

தண்ணீருக்கு அடியிலும் தனி உலகம் இருக்கிறது. இங்குள்ள சிங்கி இறால்கள், வெளிக்கடலில் இருக்கும் தம் இனத்திலிருந்து மரபணு அளவில் வேறுபட்டவை. வசந்த காலத்தில் கணவாய்கள் முட்டையிட வருகின்றன. கறுப்புத் திராட்சைக் கொத்து போல இருக்கும் முட்டைகளை ஒட்டவைக்க அவற்றுக்குக் கிளையோ குச்சியோ வேண்டும். அதற்காகவே ஸ்கூபா டைவர்கள் கடலடியில் குச்சிகளை நட்டுவைக்கிறார்கள்.

முக்கியமானவை பறவைகள். ஆர்க்டிக் பகுதியிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் வலசைப் பாதையில் இந்த டெல்டா ஒரு பெரிய நிறுத்தம். சிப்பி பிடிப்பான், பட்டைவால் மூக்கன், கரண்டிவாயன் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் ஓஸ்டர்ஸ்கெல்டேயை நம்பியிருக்கின்றன. க்ரேவலிங்கன் ஏரியில் குளிர்காலத்தில் பூநாரைகளையே பார்க்கலாம். ஜெர்மனி எல்லையில் இனப்பெருக்கம் செய்யும் இந்தக் கூட்டத்தில் பழவேற்காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வருகிற பெரிய பூநாரை இனமும் உண்டு.

பிறகு என்னதான் பிரச்சினை?

பிரச்சினையின் பெயர் ‘மணல் பசி’. டச்சுக்காரர்களே அதை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

தூண்கள் வந்த பிறகு கழிமுகத்தின் வாய் குறுகியது. முன்பைவிடக் குறைவான தண்ணீர்தான் உள்ளே வந்து போகிறது. அதன் வேகமும் குறைந்துவிட்டது. ஆனால் கடலடியில் உள்ள ஓடைகள் பழைய வேகத்துக்கு வெட்டப்பட்டவை. இன்றைய ஓட்டத்துக்கு அவை மிகப் பெரியவை.

முன்பெல்லாம் புயல் அலை மணல்திட்டைக் கரைத்து ஓடையில் தள்ளும். அடுத்தடுத்த ஓதங்கள் அந்த மணலைத் திரும்ப மேலே கொண்டுவந்து சேர்க்கும். இப்போது கரைப்பது மட்டும் நடக்கிறது. திரும்பக் கொண்டுவர ஓதத்துக்கு வலு இல்லை. ஓடைகள் மணலை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. வெளியே வட கடலிலிருந்தும் போதிய மணல் வருவதில்லை. திட்டுகளின் உயரம் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் பறவைக்கு உணவு கிடைப்பது திட்டு தண்ணீருக்கு மேலே தெரியும் சில மணி நேரத்தில்தான். திட்டு தாழத் தாழ அந்த நேரம் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் அது மேலே வராமலே போய்விடும். சேற்றில் புழுவும் மட்டியும் நிறைந்திருக்கும், பறவைக்குத்தான் எட்டாது. கரைகளுக்கும் இது ஆபத்து. திட்டுகள்தான் அலையின் வேகத்தை உடைத்துக் கொடுக்கின்றன.

மணலைக் கொட்டினால் போதுமா?

அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். தடுப்புக்கு நேர் பின்னால் இருக்கும் ரொக்கன்பிளாட் திட்டில் 2019-20-ல் பத்து லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான மணல் சேர்க்கப்பட்டது. சீல்களும் பறவைகளும் அதிகம் கூடும் திட்டு அது. புது மணல் விழும் இடத்தில் இருக்கும் புழுக்கள் புதைந்து இறந்துவிடும். அவை மறுபடி பெருகச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் முழுத் திட்டையும் மூடாமல், இடம் விட்டு இடம் கொட்டினார்கள்.

இதனால் சில பத்தாண்டுகள் கிடைக்கும். பிறகு மறுபடி கொட்ட வேண்டும். கழிமுகத்தில் இருப்பதோ பல திட்டுகள். காரணம் அப்படியே இருக்கும்போது இது வைத்தியம்தானே தவிர, குணமாவது இல்லை.

வேறு வழிகள் உண்டா?

அடைத்ததைத் திறப்பது ஒரு வழி. வடக்கே ஹாரிங்ஃப்லீட் அணையின் மதகுகள், 2018 முதல் ஓதம் ஏறும்போதும் லேசாகத் திறந்துவைக்கப்படுகின்றன. சால்மன், விலாங்கு போன்ற மீன்கள் கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே போய் வர இது வழி தருகிறது. உப்பு அதிக தூரம் உள்ளே வந்தால் குடிநீரும் விவசாயமும் பாதிக்கும் என்பதால், ஆற்றில் போதிய தண்ணீர் ஓடினால்தான் திறப்பார்கள்.

நிலத்தையே கடலுக்குத் திருப்பித் தருவது இன்னொரு வழி. பெல்ஜியம் எல்லையில் உள்ள ஹெட்விகே என்ற விளைநிலப் பகுதியின் கரை 2022-ல் உடைக்கப்பட்டது. இதற்கான ஒப்பந்தம் 2005-லேயே கையெழுத்தாகியும், உள்ளூர் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் இத்தனை ஆண்டுகள் இழுத்தது. கடலோடு மல்லுக்கட்டி எடுத்த நல்ல மண்ணைக் கடலுக்கே விடுவது ஸீலாண்ட் விவசாயிகளுக்கு எளிதில் ஜீரணமாகிற விஷயம் இல்லை.

நேரில் பார்க்கப் போனால்?

ஐரோப்பாவில் வேலையிலோ படிப்பிலோ இருப்பவர்கள் வாரக்கடைசியில் போய் வரலாம். ஓத அட்டவணை பார்த்து, கடல் வற்றும் நேரத்துக்குப் போவது முக்கியம். தடுப்பின் நடுவே உள்ள நேல்ட்யே யான்ஸ் தீவிலிருந்து ஷட்டர்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். சீல்களை நெருங்கக் கூடாது. பயந்து தண்ணீரில் இறங்கினால் குட்டிகள் தாயைப் பிரிந்துவிடும். ஹெட்விகேக்குப் பக்கத்தில் உள்ள சாஃப்டிங்க சதுப்பு நிலத்தின் பெரும்பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் போக அனுமதி இல்லை. அங்கே ஓதம் ஏறும் வேகம் அப்படி.

இனி என்ன?

கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. உயர உயர ஷட்டர்களை அடிக்கடி மூட வேண்டியிருக்கும். திட்டுகள் தண்ணீருக்கு மேலே தெரியும் நேரமும் இன்னும் குறையும். 1970-களில் கேட்ட ‘மூடுவதா, திறப்பதா’ என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது. அதே கேள்வியை அடுத்த தலைமுறை மறுபடி எதிர்கொள்ளப்போகிறது. அதுவரை மணல் கொட்டும் வேலை தொடரும்; சிப்பி பிடிப்பான்களும் ஓதம் வற்றுவதற்காகக் கரையில் காத்திருக்கும்.